உச்சிப்புளிக் கொட்டகையில் ஹிமாலயனுக்குக் கார்டும் ஃபுட் பெக் பிராக்கெட்டும்: செய்தது, சொதப்பியது

பனைநிழல் (உச்சிப்புளி)

வணக்கம் மக்களே. என்னிடம் இருப்பது 2019 மாடல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக், செகண்ட் ஹேண்டில் எடுத்தது. மூன்று மாதமாக ஞாயிறு தோறும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து வண்டிக்குத் தேவையான காவல் சாமான்களை நானே செய்துகொண்டிருந்தேன். மாடு விற்று நாளாகிவிட்டது, இடம் சும்மாதான் கிடந்தது. கையில் ஒரு கிரைண்டர், ஒரு டிரில், மச்சானிடம் இரவல் வாங்கிய ஆர்க் வெல்டிங் மிஷின். அவ்வளவுதான் முதலீடு.

நான் ஓட்டுவது பெரும்பாலும் கண்மாய்க் கரை, பனங்காட்டுப் பாதை, தேவிபட்டினம் பக்கத்து மண் ரோடு. விழுந்தால் பாறையில் விழமாட்டோம், மணலிலோ கருவேலங்காட்டிலோதான் விழுவோம். அதனால் வெளியூரில் செய்து வரும் பெரிய பெரிய இரும்புக் கூண்டு நமக்கு வேண்டியதில்லை என்பது என் கணக்கு.

முதலில் இன்ஜின் அடித்தகடு. ராமநாதபுரம் காயலான் கடையில் 4 மி.மீ. அலுமினியத் தகடு கிடைத்தது. என்ன கிரேடு என்று கடைக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி வைஸில் பிடித்து மடக்கிப் பார்த்தேன். விரிசல் விடாமல் மடங்கியது, எடுத்துவிட்டேன். 6061 டி6 மாதிரி கடினத் தகடாக இருந்தால் அந்த மடிப்பிலேயே கீறல் விழுந்திருக்கும். 5052 வகை என்றால் சொன்ன பேச்சு கேட்கும்.

ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி வண்டிக்கு அடியில் பிடித்துப் பிடித்து மாதிரி எடுத்தேன். நாலு அட்டை வீண். ஆனால் தகடு வீணாகவில்லை. மடிக்க வேண்டிய கோட்டில் துணி சோப்பைத் தேய்த்து, கேஸ் டார்ச்சால் சூடு காட்டினேன். சோப்பு கறுத்தால் போதும், நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போனால் அலுமினியம் நிறம்கூட மாறாமல் திடீரென்று தொபுக்கென்று விழும். இரண்டு ஆங்கிளுக்கு நடுவில் நெருக்கிப் பிடித்து மரச் சுத்தியால் தட்டி மடக்கினேன். 40 செ.மீ.க்கு 30 செ.மீ., எடை 1.3 கிலோ வருகிறது. இதையே 3 மி.மீ. இரும்பில் செய்தால் 2.8 கிலோ.

இன்ஜினுக்கும் தகடுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டிருக்கிறேன். தகடு அடி வாங்கி உள்ளே குழிந்தாலும் சம்ப்பை (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் இடம்) தொடாமல் இருக்க அது வேண்டும். ஆயில் கழற்றும் போல்ட்டுக்கு நேராக ஓட்டை போட மறந்துவிட்டேன். முதல் ஆயில் மாற்றும்போது தகடு முழுவதையும் கழற்றியபோதுதான் புத்தி வந்தது.

ஹேண்ட் கார்டு: நீல நிற பிளாஸ்டிக் டிரம் இருக்கிறதே, அதை வெட்டியது. டிரம்முக்கே ஒரு வளைவு இருப்பதால் பாதி வேலை மிச்சம். ஹீட் கன்னால் சூடாக்கி ஓரத்தை மட்டும் மடக்கினேன். உள்ளே ஒன்றரை நூல் (ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) அலுமினிய ஃபிளாட் முதுகெலும்பாக நிற்கிறது. கருவேலக் கிளை இப்போது விரலில் அடிப்பதில்லை.

கிராஷ் கார்டு: ஒரு இஞ்ச் பைப், 2 மி.மீ. கனம். நாற்காலி செய்யும் மெல்லிய பைப் வேண்டாம், சப்பிப் போகும்.

கடைசியாக ஃபுட் பெக், அதாவது ஓட்டுபவர் கால் வைக்கும் கட்டை. என் உயரம் ஆறு அடி ஒரு அங்குலம். உட்கார்ந்தால் முழங்கால் மடங்கி வலி. எழுந்து நின்று ஓட்டினால் முதுகு வில்லாக வளைகிறது. அதனால் பெக்கை 30 மி.மீ. கீழே இறக்கி, 15 மி.மீ. பின்னால் தள்ளினேன். இரண்டு நூல் தகட்டை 40 மி.மீ. அகலத்துக்கு வெட்டி, பழைய ஓட்டையில் மேல்பக்கம், புது ஓட்டையில் பெக். இருநூறு கிலோமீட்டர் ஓட்டியாகிவிட்டது, சொகுசு.

கேள்வி இருந்தால் கேளுங்கள்.

கருவேலமுள் (சாயல்குடி)

ஹேண்ட் கார்டுக்கு நீல டிரம் சரி. எங்கள் ஊரில் அந்த டிரம் தண்ணீர் பிடிக்கவே பத்தாது, நீ வெட்டி வண்டியில் மாட்டியிருக்கிறாய். அத்தை பார்த்தால் என்ன ஆகும்?

பனைநிழல்

ஏற்கெனவே ஓட்டை விழுந்த டிரம் மாப்ள. அத்தைக்குத் தெரிந்துதான்.

தேவிபட்டினம்_200

அருமை ப்ரோ. என்னுடையது எக்ஸ்பல்ஸ் 200. ஹேண்ட் கார்டு மாட்டும்போது ஒன்று கவனித்தீர்களா? ஆக்சிலேட்டர் பக்கம் கார்டின் முனை கிரிப்பில் உரசினால், முறுக்கிய ஆக்சிலேட்டர் திரும்பாது. எனக்கு ஒருமுறை அப்படி ஆகி உப்பளத்து வரப்பில் இறங்கிவிட்டேன். கிரிப் முனைக்கும் கார்டுக்கும் 2, 3 மி.மீ. இடைவெளி கட்டாயம் வேண்டும். ஹேண்டில் பாரை இடது கோடி, வலது கோடி இரண்டுக்கும் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் முறுக்கிவிட்டுப் பாருங்கள், டக்கென்று மூடிக்கொள்ள வேண்டும். பிரேக் லிவரை முழுதாக அமுக்கியும் பாருங்கள்.

பனைநிழல்

இடது கோடியில் லேசாக உரசியது! கட் பண்ணிவிட்டேன். நன்றி ப்ரோ.

வத்தை_மெக்கானிக் (மண்டபம்)

தம்பி, வேலை சுத்தமாக இருக்கிறது. இருபத்தைந்து வருஷமாக விசைப்படகிலும் வத்தை என்கிற சின்னப் படகிலும் இரும்போடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, அலுமினியத் தகட்டை எந்த போல்ட்டில் மாட்டியிருக்கிறாய்? எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்றுதான் நினைக்கிறேன், எல்லோரும் அதைத்தான் மாட்டுவார்கள், பளபளவென்று இருக்கும். படகுக்கு அடியில் ஜிங்க் கட்டி அடித்திருப்போம், பார்த்திருப்பாய். கடல் தண்ணீரில் இரண்டு விதமான உலோகம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தால் ஒன்று இன்னொன்றைத் தின்னும். பித்தளை புரொப்பல்லரும் இரும்பும் தின்னப்படாமல் இருக்க ஜிங்க்கைப் பலி கொடுக்கிறோம். உன் வண்டியில் ஜிங்க் கட்டி இல்லை. அங்கே பலி உன் அலுமினியம்தான். எஸ்.எஸ். போல்ட் புதுசு மாதிரியே இருக்கும், அதைச் சுற்றி அலுமினியம் வெள்ளை மாவாகப் பூத்துப் போகும். ஆறு மாதம் கழித்து போல்ட்டைக் கழற்றப் போனால் சுற்றவே சுற்றாது.

போல்ட் சின்னது, தகடு பெரியது என்பதால் கொஞ்சம் தாங்கும். இதையே தலைகீழாக, எஸ்.எஸ். தகட்டில் அலுமினிய ரிவெட் அடித்தால் ரிவெட் சீக்கிரமே கரைந்து தலை கழன்றுவிடும். அதைச் செய்யவே கூடாது.

செய்ய வேண்டியது: போல்ட் தலைக்கும் தகடுக்கும் நடுவில் நைலான் வாஷர், ஓட்டைக்குள் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்த் துண்டு, மரையில் நிறைய கிரீஸ். உலோகம் உலோகத்தைத் தொடக் கூடாது, அவ்வளவுதான் சூத்திரம். கிளாம்புக்குள் சைக்கிள் டியூப் துண்டை மடித்து வைக்கிற பழக்கம் உண்டு, அதை இங்கே வைக்காதே. டியூப்புக்கும் பைப்புக்கும் நடுவில் உப்புத் தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்ளும், வெளியே பெயிண்ட் பளிச்சென்று இருக்க உள்ளே பைப் செதில் செதிலாக உரியும்.

இரண்டாவது, அந்தப் பெக் பிராக்கெட். அதைக் கழற்றிவிடு.

பனைநிழல்

அண்ணே, முதலாவது விஷயத்துக்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். எஸ்.எஸ். போல்ட்தான், வாஷர் கூட இல்லை. இந்த ஞாயிறே மாற்றுகிறேன்.

ஆனால் பெக்? இரண்டு நூல் தகடு அண்ணே. வீட்டுக் கேட்டின் கீலே அதைவிட மெல்லிசு. 200 கி.மீ. ஓட்டிவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை.

வத்தை_மெக்கானிக்

கேட் கீல் மேல் ஏறி நின்று குதிப்பாயா?

கார்டு வேறு, பெக் வேறு தம்பி. கார்டு என்பது தோற்பதற்காகவே மாட்டுவது. வளையட்டும், நசுங்கட்டும், அது வளைந்தால் இன்ஜின் பிழைக்கும். அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், தப்பானால் நஷ்டம் ஒரு தகடு. பெக் தோற்றால் நீ ரோட்டில்.

சேதுக்கரை_ரைடர்

நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறேன். அண்ணன் சொன்னதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீங்களும் உடுப்பும் சேர்த்து 95 கிலோ என்று வைக்கிறேன். நின்றபடி ஒரு பள்ளத்தில் இறங்கினால் காலில் வரும் சுமை மூன்று மடங்கு எகிறும் என்று பிடித்தால் 285. இரண்டு காலுக்குப் பிரித்தால் ஒரு பெக்குக்கு ஏறத்தாழ 1400 நியூட்டன். உங்கள் பாதத்தின் நடு, தகட்டிலிருந்து 100 மி.மீ. வெளியே இருக்கிறது. அப்படியென்றால் தகட்டைப் பக்கவாட்டில் மடக்கப் பார்க்கும் திருப்புவிசை 140 நியூட்டன் மீட்டர்.

40 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனத் தகடு அதன் பலவீனமான பக்கமாக மடங்குகிறது. அகலம் பெருக்கல் கனத்தின் வர்க்கம், வகுத்தல் ஆறு: 240. அந்தக் கணக்கில் தகட்டில் வரும் இழுவிசை சுமார் 580 மெகாபாஸ்கல். சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) தகடு 250ல் நிரந்தரமாக வளைந்துவிடும். குதிக்க வேண்டாம், சும்மா எழுந்து நின்றாலே 190க்கு மேல் வருகிறது. அதாவது நீங்கள் ஒவ்வொரு முறை எழும்போதும் அந்தத் தகடு விளிம்பில் நிற்கிறது. 200 கி.மீ.யில் ஒன்றும் ஆகாதது ஆச்சரியமில்லை. உலோகம் களைத்துப் போவதற்கு இன்னும் கொஞ்சம் நாள் பிடிக்கும், அவ்வளவே.

கனத்தை மட்டும் கூட்டினால்? 8 மி.மீ. என்றால் 330, அதுவும் பத்தாது. 10 மி.மீ. என்றால் 210, விளிம்பு. ஆனால் அதே 6 மி.மீ. தகட்டின் இரண்டு ஓரத்திலும் 25 மி.மீ. உயரத்துக்கு விலா மாதிரி துண்டுகளை நிறுத்திப் பற்றவைத்துச் சேனல் வடிவம் ஆக்கினால் 56க்கு வந்துவிடுகிறது. பத்தில் ஒரு பங்கு! பக்கத்துக்கு 200 கிராம் எடைகூடக் கூடாது. பனை ஓலையை விரித்துப் பிடித்தால் துவளும், மடித்துப் பிடித்தால் நிற்கும் அல்லவா, அதே சங்கதிதான்.

கருவேலமுள்

எனக்கு டிப்ளமாவில் இந்தப் பேப்பர் மூன்று அரியர். இவ்வளவு சுலபமாக அப்போது யாரும் சொல்லவில்லை.

பனைநிழல்

கணக்கு எல்லாம் சரிதான் மேடம். ஆனால் நடைமுறையில் பள்ளத்தில் முழங்காலை மடக்கித்தானே இறங்குகிறோம், மூன்று மடங்கு வருமா? பார்ப்போம்.

மதுரை_கிரில்

தம்பிக்கு வம்பு. சரி, நான் கிரில் பட்டறை வைத்திருப்பவன், வெல்டிங் பற்றிக் கொஞ்சம்.

வண்டியில் வைத்தே பற்றவைப்பதாக இருந்தால் பேட்டரியின் இரண்டு ஒயரையும் கழற்றிவிடு, இசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்) கப்ளரையும் உருவிவிடு. எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடி. எங்கோ பின் சக்கரத்தில் பிடித்தால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் உருளைகளில் பொத்தல் போட்டுவிடும். முடிந்தவரை சாமானைக் கழற்றி மேஜையில் வைத்துப் பற்றவை. ஃபிரேமில் கை வைக்காதே, ஃபிரேம் பைப் மெல்லியது, ஆர்க்கில் ஓட்டை விழும், விழாவிட்டாலும் பற்றுக்குப் பக்கத்தில் முறியும்.

ஜி.ஐ. பைப்பில் (ஜிங்க் பூசிய இரும்பு) கார்டு செய்கிறவர்கள் பற்றவைக்கும் இடத்தில் வெள்ளைப் பூச்சை நன்றாகத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அந்தப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்க்காய்ச்சல் நிச்சயம். என் பட்டறைப் பையன் ஒருவன் மலேரியா என்று நினைத்து ஊசி போட்டுக்கொண்டான்.

பைப் வளைக்க ஹைட்ராலிக் பெண்டர் இருக்கும் கடையில் கொடுத்துவிடுங்கள், நூறு இருநூறு கேட்பார்கள். மணல் நிரப்பிச் சூடாக்கித்தான் வளைப்பேன் என்றால் மணல் காய்ந்த மணலாக இருக்க வேண்டும், வறுத்தே எடுக்கலாம். ஈர மணலை அடைத்து இரண்டு பக்கமும் கட்டையால் இறுக்கிச் சூடு காட்டினால் உள்ளே ஆவி சேர்ந்து கட்டை துப்பாக்கிக் குண்டு மாதிரி கிளம்பும்.

வத்தை_மெக்கானிக்

அதோடு கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். காய வைத்தாலும் உப்பு போகாது. மணலைக் கொட்டிய பிறகும் உப்பு பைப்புக்குள் ஒட்டிக்கொண்டு உள்ளிருந்து அரிக்கும். ஆற்று மணல் கொஞ்சம் எங்காவது கட்டட வேலையில் கேட்டு வாங்கு.

பைப் வேலை முடிந்ததும் அடியில் 5 மி.மீ. ஓட்டை ஒன்று போடு, தண்ணீர் வடிய. பழைய இன்ஜின் ஆயிலை உள்ளே ஊற்றி ஆட்டி வடித்துவிடு.

கீழக்கரையான்

ஸலாம் எல்லோருக்கும். பெயிண்ட் பற்றி யாரும் பேசவில்லை. நான் பவுடர் கோட்டிங் போட்டு ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. ஏர்வாடி ரோட்டில் ஒரு கல் தெறித்து மிளகு அளவுக்குப் பெயிண்ட் உரிந்தது. அந்த இடத்திலிருந்து துரு உள்ளே ஊர்ந்து போய் மேலே தோல் அப்படியே அப்பளம் மாதிரி எழும்பிவிட்டது.

இப்போது படகுக்காரர்கள் அடிப்பதையே அடிக்கிறேன்: தேய்த்து வெள்ளி மாதிரி இரும்பு தெரிந்த பிறகு ஜிங்க் பிரைமர், மேலே எபாக்ஸி, கடைசியில் பி.யூ. (பாலியூரிதேன்) பெயிண்ட். அடி பட்டால் அந்த இடத்தில் மட்டும் டச்-அப் செய்யலாம், பவுடர் கோட்டிங்கில் அது நடக்காது. அழகு கொஞ்சம் குறைவு.

தேவிபட்டினம்_200

காக்கா, 304 எஸ்.எஸ். பைப்பிலேயே செய்துவிட்டால் பெயிண்ட் தொல்லையே இல்லையே?

கீழக்கரையான்

செய்யலாம் தம்பி, ஆனால் 304 என்று சொல்லிக் கடையில் தருவது 304தானா? 202 கிரேடை அந்தப் பெயரில் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. காந்தம் வைத்துப் பார்க்கிறேன் என்பார்கள், அது உதவாது, 202லும் காந்தம் ஒட்டாது. நிஜ 304 ஆனாலும் நம் காற்றில் டீக்கறை மாதிரி பழுப்புப் படியும். 316 வாங்கினால் அதில் 2, 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது, உப்புக்குத் தாக்குப்பிடிக்கும். விலையைக் கேட்டுவிட்டுப் பிறகு பேசலாம்.

வத்தை_மெக்கானிக்

இந்தக் காற்றைப் பற்றிச் சந்தேகம் இருப்பவர்களுக்கு: காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்), உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்க மண்டபத்தில் சோதனை நிலையமே வைத்திருக்கிறது. துண்டு துண்டாகத் தகடுகளைச் சட்டத்தில் மாட்டி வெயிலிலும் காற்றிலும் வைத்திருப்பார்கள். 1914ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை எத்தனை பெயிண்ட் அடித்தும் கடைசியில் 2022 டிசம்பரில் ரயில் விடுவதை நிறுத்தினார்கள். புதுப் பாலம் 2025 ஏப்ரலில் வந்தது. அதற்கே அந்தக் கதி என்றால் உன் ஒரு இஞ்ச் பைப் எம்மாத்திரம்.

வண்டியை அரிச்சல்முனை வரை கொண்டுபோய் வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவு. அடித்தகட்டுக்குள் மணல் ஒரு படி சேர்ந்திருக்கும். கச்சான் காற்றில் அந்த ரோட்டில் மணல் ஆறு மாதிரி ஓடுகிறது. மணல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உப்புப் பத்து போட்ட மாதிரி இன்ஜினோடு ஒட்டிக் கிடக்கும். தகட்டில் வடிகால் ஓட்டைகள் இல்லையென்றால் நீ மாட்டியிருப்பது கார்டு இல்லை, ஊறுகாய் ஜாடி.

கருவேலமுள்

ஊறுகாய் ஜாடி. அண்ணனுக்கு ஒரு சல்யூட்.

தேவிபட்டினம்_200

அப்படியே இன்னொன்று. சிலர் அலையோரம் தண்ணீரில் வண்டி விட்டு ரீல்ஸ் போடுகிறார்கள். வண்டி வீணாவது அவரவர் பாடு. ஆனால் நம் கடலோரத் தீவுகள் 21ம் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, கரையில் ஆமை முட்டையிடும் காலம் வேறு. மணலில் பாதை இருந்தால் ஓட்டுங்கள், கரையில் இறங்காதீர்கள்.

பனைநிழல் (பத்து நாள் கழித்து)

சேதுக்கரை மேடம், வத்தை அண்ணே, இரண்டு பேரிடமும் மன்னிப்பு.

போன சனிக்கிழமை வாலிநோக்கம் போனேன். உப்பளத்தைத் தாண்டி ஒரு சின்னப் பாலம், அதன் முடிவில் ரோடு அரை அடி இறங்குகிறது, தெரியவில்லை. நின்றபடிதான் ஓட்டினேன். இறங்கிய அதிர்ச்சியில் இடது கால் சரிந்தது. வண்டி விழவில்லை, நானும் விழவில்லை, எப்படி என்று கேட்காதீர்கள். நிறுத்திப் பார்த்தால் இடது பிராக்கெட் கீழே தொங்கி, பெக் கோழி இறக்கை மாதிரி சாய்ந்து கிடக்கிறது. கியர் லிவரைக் காலால் தூக்கவே முடியவில்லை. இரண்டாவது கியரிலேயே ஏர்வாடி வரை ஊர்ந்து வந்தேன். அங்கே ஒரு கேட் பட்டறையில் பைப்பை மாட்டி நெம்பி நிமிர்த்தினோம். நிமிர்ந்ததும் மேல் ஓட்டையிலிருந்து ஓரம் வரை மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரிந்தது. வலது பக்கத்தைக் கழற்றினால் அதிலும் ஆரம்பம்.

என் பிராக்கெட்டை விட்டுவிட்டு, பெக்கைக் கம்பெனி இடத்திலேயே திரும்ப மாட்டி, பையில் முழங்காலை அடைத்த மாதிரி உட்கார்ந்து வீடு வந்தேன்.

சேதுக்கரை_ரைடர்

மன்னிப்பெல்லாம் எதற்கு அண்ணா, முழுதாக வந்தீர்களே. விரிசல் ஓட்டையிலிருந்து கிளம்பியதைக் கவனியுங்கள். டிரில் அடித்த ஓட்டையின் விளிம்பைச் சீவாமல் விட்டிருப்பீர்கள். கூர்மையான விளிம்பு, கிரைண்டர் கோடு, பற்றவைப்பின் முடிவு, விரிசல் இந்த மூன்று இடத்திலிருந்துதான் தொடங்கும். புதியதில் ஓட்டை விளிம்பை உருட்டிவிடுங்கள், வெட்டிய ஓரத்தை நீளவாக்கில் அரம் போடுங்கள்.

வத்தை_மெக்கானிக்

வந்துவிடு தம்பி மண்டபத்துக்கு. இருவரும் சேர்ந்து செய்வோம். விரிசல் விட்ட பிராக்கெட்டை மாதிரிக்குக் கொண்டு வா.

பனைநிழல் (அடுத்த வாரம்)

போய்விட்டு வந்தேன். ஒரு முழு நாள். அண்ணன் வீட்டில் நண்டுக் குழம்பு வேறு.

இரண்டு நூல் தகடு அதேதான், ஆனால் இரண்டு ஓரமும் விலா நிறுத்திச் சேனல் ஆக்கினோம். விலாவின் முனையைச் சட்டென்று முடிக்காமல் சரிவாக இறக்கினோம். 7018 வெல்டிங் ராடு, அண்ணன் அதைப் பழைய இட்லிப் பானையில் போட்டு மணிக்கணக்கில் அடுப்பில் சூடாக்கித்தான் எடுத்தார், ஈரம் இருந்தால் பற்றில் விரிசல் வருமாம். பெக்கைப் பிடிக்கும் காது முன்பு ஒரு பக்கம்தான் இருந்தது. இப்போது இரண்டு காதுக்கு நடுவில் பெக், குறுக்கே ஊசி. ஒரு காது என்றால் ஊசி நெம்பும், இரண்டு காது என்றால் கத்தரிக்கத்தான் பார்க்கும் என்றார்.

பெக் மேலும் பின்னும் மடங்க வேண்டும் என்பதில் அவர் விடவே இல்லை. மடங்காத பெக் தரையில் குத்தினால் வண்டியையே தூக்கி எறியும், அல்லது கணுக்காலை மாட்டிக்கொள்ளும். அதனால் கம்பெனி ஸ்பிரிங்கையே போட்டோம். இறக்கமும் 30லிருந்து 20 மி.மீ. ஆகக் குறைத்தோம், வளைவில் சாயும்போது தரை சீக்கிரம் தட்டாமல் இருக்க.

போல்ட் விஷயத்தில் ஒரு பாடம். நான் இங்கேயும் எஸ்.எஸ். போல்ட் வாங்கிப் போயிருந்தேன். அண்ணன் தலையைப் பார்த்தார், ஏ2-70 என்று இருந்தது. தூக்கிப் போட்டுவிட்டார். அது 450 மெகாபாஸ்கலில் இழுபடத் தொடங்கும், 8.8 என்று பொறித்த இரும்பு போல்ட் 640 வரை தாங்கும். துரு பிடித்தால் மாற்றிக்கொள்ளலாம், இழுபட்டால் மாற்ற நீ இருக்க வேண்டுமே என்றார். எம்10 (10 மி.மீ.) போல்ட், 8.8, நீல நிற லாக் பசை. முறுக்கிய பிறகு போல்ட் தலையிலிருந்து தகடு வரை வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு. கோடு விலகினால் போல்ட் தளர்ந்திருக்கிறது.

கியர் லிவரையும் பிரேக் பெடலையும் பெக்கோடு சேர்த்து இறக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பெக் மட்டும் இறங்கினால் பிரேக் பெடல் உயரத்தில் நிற்கிறது. மிதிக்கக் காலைத் தூக்க வேண்டும், அதில் அரை நொடி போகும். ரொம்ப இறக்கினால் ஷூ அதன் மேலேயே உட்கார்ந்து பின் பிரேக் உரசிக்கொண்டே வரும். எழுந்து நின்று, உட்கார்ந்து, நாலைந்து முறை மாற்றி மாற்றித்தான் சரியாக அமைந்தது.

மதுரை_கிரில்

பின்னால் உட்காருகிறவரின் ஃபுட் ரெஸ்ட்டைக் கழற்றிவிடவில்லையே? பெக் மாற்றும்போது சிலர் அதையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். மோட்டார் வாகன விதி 123 பின் இருக்கைக்கு ஃபுட் ரெஸ்ட்டும் கைப்பிடியும் சேலைக் கார்டும் இருக்க வேண்டும் என்கிறது. சோதனையில் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

பனைநிழல்

அப்படியே இருக்கிறது அண்ணே. அதில்தான் வீட்டம்மா உட்காருகிறார், எடுத்தால் விதி 123 வீட்டிலேயே அமலாகும்.

கீழக்கரையான்

ஹேண்ட் கார்டைப் படகு ஃபைபரில் செய்தால் என்ன என்று யோசிக்கிறேன். மேட் (கண்ணாடி இழைப் பாய்), ரெசின் எல்லாம் இங்கே சுலபமாகக் கிடைக்கிறது. யாராவது செய்திருக்கிறீர்களா?

வத்தை_மெக்கானிக்

செய்யலாம். காலை ஏழு மணிக்கு முன்னால் வேலையை முடித்துவிடுங்கள். நம் வெயிலில் மதியம் கலக்கினால் தூரிகை எடுப்பதற்குள் ரெசின் கட்டியாகி டப்பாவே புகையும். ரெசினைக் கெட்டியாக்கும் கேட்டலிஸ்ட் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை போதும். முக்கியமாக, அதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒன்றோடொன்று நேராகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்துவிட்டு, அப்புறம்தான் கேட்டலிஸ்ட். கடையில் ஏற்கெனவே கோபால்ட் கலந்த ரெசின் கேட்டு வாங்கினால் அந்த வம்பே இல்லை. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள்.

ஆனால் ஒன்று, ஃபைபர் உடைந்தால் ஊசி ஊசியாகச் சிம்பு நிற்கும், கைக்குப் பக்கத்தில் அது நல்லதில்லை. டிரம் பிளாஸ்டிக் வளையும், உடையாது. இந்த விஷயத்தில் உச்சிப்புளித் தம்பி செய்ததுதான் சரி.

பனைநிழல்

அண்ணன் வாயால் ஒரு பாராட்டு! நேற்று 50 கி.மீ. ஓட்டிப் பார்த்தேன், திருப்புல்லாணி, சேதுக்கரை, பெரியபட்டினம் வழியாக. வெள்ளைக் கோடு நான்கில் மூன்று அப்படியே இருக்கிறது. வலது பக்கம் கீழ் போல்ட்டில் மட்டும் ஒரு நெல்மணி அளவு விலகியிருக்கிறது. சும்மா முறுக்கினால் போதுமா, கழற்றி லாக் பசை புதிதாகப் போட வேண்டுமா?

வத்தை_மெக்கானிக்

கழற்று. மரையைத் துடைத்துவிட்டுப் புதுப் பசை. முறுக்கும் முன் தகட்டுக்கு அடியில் பார், பெயிண்ட் தடிமனாக இருக்கும், அது நசுங்கித்தான் தளர்ந்திருக்கும். போல்ட் உட்காரும் வட்டத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு கிரீஸ் தடவு. டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவு காட்டும் ஸ்பேனர்) என்னிடம் இருக்கிறது, எம்10க்கு 45 நியூட்டன் மீட்டர் வைத்துத் தருகிறேன். புதன்கிழமை வா, வியாழன் நான் கடலுக்குப் போகும் படகில் இன்ஜின் பார்க்கப் போகிறேன்.

பனைநிழல்

புதன் காலை வந்துவிடுகிறேன் அண்ணே.

கருவேலமுள்

நண்டுக் குழம்பு புதன்கிழமையும் உண்டா என்று கேட்டுச் சொல். என் வண்டியிலும் ஏதாவது தளர்ந்திருக்கும்.